மறந்துடாதே! – ஜெர்மன் மொழியில் நெருங்கியவர்களுக்கு நினைவூட்டுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டை விட்டுக் கிளம்புகிறவரிடம் தமிழில் என்ன சொல்வோம்? "மறக்காம சாவியை எடுத்துக்கோ." இதில் கட்டளை 'எடுத்துக்கோ'. 'மறக்காம' அதோடு ஒட்டிக்கொண்டு வரும் வினையெச்சம், அவ்வளவுதான். ஜெர்மன்காரர் இதைத் திருப்பிப் போடுகிறார். அவருக்கு 'மற' என்பதுதான் கட்டளையாகும் வினை. அதை எதிர்மறையில் சொல்லிவிட்டு, செய்ய வேண்டிய வேலையைப் பின்னால் தொங்கவிடுகிறார்: "ஃபெர்கிஸ் நிஹ்ட், டேன் ஷ்ல்யூஸல் மிட்-ட்ஸு-நேமன்." அதாவது 'மறக்காதே, சாவியை எடுத்துக்கொள்ள'.

ஜெர்மன் படிக்கும் தமிழர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். 'மறக்காமல்' என்பதற்கு நேரான சொல்லைத் தேடி "ஓனெ ட்ஸு ஃபெர்கெஸன்" என்று தொடங்குவார்கள். அதைக் கேட்கும் ஜெர்மன்காரருக்கு விஷயம் ஒருவேளை புரியும். ஆனால் அங்கே யாரும் அப்படி நினைவூட்டுவதில்லை. ஆகவே 'மறக்காமல் செய்' என்ற அச்சை ஒதுக்கிவிட்டு, 'செய்ய மறக்காதே' என்ற அச்சுக்கு மனதை மாற்றிக்கொண்டு ஆரம்பியுங்கள். தமிழிலும் இந்த இரண்டாவது அச்சு உண்டு. "பால் வாங்க மறந்துடாதே" என்று சொல்கிறோமே, ஜெர்மன் வாக்கியத்தின் எலும்புக்கூடு அதுதான்.

உச்சரிப்பு பற்றி ஒரு குறிப்பு. ஜெர்மன் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். 'நிஹ்ட்' என்பதன் நடுவில் வரும் 'ஹ்' நம் ஹகரம் அல்ல. 'ஹி' என்று சொல்லத் தொடங்கி, உயிரொலி வருவதற்குள் நிறுத்தினால் மேலண்ணத்தை ஒட்டி ஒரு காற்று சீறும், அந்த ஒலி. 'மஹ்', 'டொஹ்' போன்ற சொற்களில் அதே எழுத்து தொண்டையிலிருந்து கரகரப்பாக வரும். 'ல்யூ', 'ம்யூ' என்று எழுதிய இடங்களில் உதட்டை 'ஊ' போலக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்லுங்கள். நடுவில் யகரம் கேட்கக் கூடாது. 'ட்ஸு' ஒரே மூச்சில் வர வேண்டும். நடுவே கோடு போட்ட சொற்கள் எழுத்தில் ஒரே சொல்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிவதற்காகப் பிரித்துக் காட்டியிருக்கிறேன்.

முதல் படி: எதிரில் இருப்பவர் யார்?

ஜெர்மனில் 'நீ' என்பது 'டூ'. நெருங்கியவர்கள் பலராக இருந்தால் 'ஈர்'. மரியாதைக்குரியவர் ஒருவரானாலும் பலரானாலும் 'ஸீ'. இந்தக் கட்டுரை 'டூ', 'ஈர்' இரண்டையும் பற்றியது. 'ஸீ' வடிவம் ஒப்பிடுவதற்கு மட்டும் வரும்.

நம் 'நீ, நீங்க' கணக்கு இங்கே உதவாது. அப்பாவை, பெரியம்மாவை, மாமியாரை நாம் 'நீங்க' என்போம். ஜெர்மன் குடும்பத்துக்குள் பாட்டி வரை எல்லோரும் 'டூ'. மாணவர்கள் ஒருவருக்கொருவர் 'டூ'. ஒரே வீட்டில் அறைகளைப் பங்கிட்டு வாழ்பவர்களும் 'டூ'. இந்தப் பங்கு வீட்டை அங்கே சுருக்கமாக 'வேகே' என்பார்கள். அலுவலகம் இடத்துக்கு இடம் மாறும். அங்கே மற்றவர் 'டூ' என்று பேசத் தொடங்கும் வரை பொறுத்திருப்பது நல்லது.

இதைவிட அதிகம் நடக்கும் குழப்பம் 'ஈர்' பற்றியது. நண்பர்கள் இரண்டு பேரிடம் ஒரே நேரத்தில் பேசும்போது, 'நீங்க' என்று மனம் சொல்ல, வாய் 'ஸீ' வடிவத்துக்குப் போய்விடும். நேற்று வரை 'டூ' என்று பேசிய ஆள் திடீரென்று விலகிப் போய்விட்டது போல அவர்களுக்குத் தோன்றும். ஒருவரிடம் 'டூ' என்றால், அவரைப் போன்ற இருவரிடம் 'ஈர்'.

இரண்டாம் படி: வினையை வெட்டுவது

'ஃபெர்கெஸன்' என்றால் மறப்பது. 'டூ'வுக்கு அது 'டூ ஃபெர்கிஸ்ட்' ஆகும். கடைசியில் இருக்கும் விகுதியையும் 'டூ'வையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கட்டளை: 'ஃபெர்கிஸ்!' பலரிடம் என்றால் 'ஃபெர்கெஸ்ட்!' மரியாதைக்கு 'ஃபெர்கெஸன் ஸீ!', இதில் மட்டும் 'ஸீ' கூடவே நிற்கும்.

'ஃபெர்கிஸ்' என்பதில் எகரம் இகரமாக மாறியிருப்பதைக் கவனியுங்கள். 'டூ' வடிவத்தில் எ இ ஆகும் வினைகளில் அநேகமாக எல்லாமே கட்டளையிலும் அந்த இகரத்தைத் தூக்கிக்கொண்டு வரும். 'நேமன்' (எடுப்பது) 'நிம்' ஆகும், 'கேபன்' (கொடுப்பது) 'கிப்' ஆகும், 'எஸன்' (சாப்பிடுவது) 'இஸ்', 'வெர்ஃபன்' (எறிவது) 'விர்ஃப்', 'லேஸன்' (படிப்பது) 'லீஸ்'. ஜெர்மன்காரர்களே பேச்சில் "ஃபெர்கெஸ் நிஹ்ட்" என்று சொல்வதைக் கேட்பீர்கள். அவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். தேர்வில் நீங்கள் அப்படி எழுதினால் மதிப்பெண் போகும்.

'டூ' வடிவத்தில் அகரம் மாறும் வினைகள் இதற்கு எதிர்மாறு. 'ஃபாரன்' (வண்டி ஓட்டுவது) என்பது 'டூ ஃபேர்ஸ்ட்' ஆனாலும், கட்டளையில் 'ஃபார்' என்று பழைய ஒலிக்கே திரும்பிவிடும். "ஃபார் நிஹ்ட் ஸோ ஷ்னெல்!" அவ்வளவு வேகமாக ஓட்டாதே. "ஷ்லாஃப் நிஹ்ட் ஐன்!" தூங்கிவிடாதே.

சில வினைகளுக்கு வால் தேவை. அடிச்சொல் 'ட்' ஒலியில் முடிந்தால் ஓர் எகரம் சேரும்: "வார்ட்டெ நிஹ்ட் அவுஃப் மிஹ்!" எனக்காகக் காத்திருக்காதே. தாமதமாக வரப்போகிற நாளில் அனுப்ப வேண்டிய செய்தி இது. அடிச்சொல் 'எர்' என்று முடிந்தாலும் எகரம் வரும். இதற்கு ஜெர்மனி முழுக்கத் தெரிந்த உதாரணம் ஒரு பலகை விளையாட்டின் பெயர்: "மென்ஷ் எர்கெரெ டிஹ் நிஹ்ட்". 'அட மனுஷா, கடுப்பாகாதே' என்று பொருள். மியூனிக்கைச் சேர்ந்த யோசெஃப் ஃப்ரீட்ரிஹ் ஷ்மிட் உருவாக்கியது. 1914-இல் பெருமளவில் விற்பனைக்கு வந்தது. நம் ஊர் பச்சீசியின் வழிவந்த ஆட்டம். தாயம் ஆடியவர்களுக்குப் பார்த்த உடனே பிடிபடும். எதிராளியின் காய் வந்து உங்கள் காயை வெட்டி, முதலிலிருந்து ஆரம்பிக்க வைக்கும் நேரத்தில்தான் அந்தப் பெயரின் அருமை தெரியும். ஓர் எதிர்மறைக் கட்டளையை மனப்பாடம் செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வினை முதலில், ஆள் நடுவில், 'நிஹ்ட்' கடைசியில்.

முழுக்க ஒழுங்கு மீறுவது 'இரு' என்ற வினைதான். 'டூ'வுக்கு 'ஸை', 'ஈர்' என்றால் 'ஸைட்'. "ஸை நிஹ்ட் ட்ராவுரிஹ்", வருத்தப்படாதே.

பழைய பாடப்புத்தகம் கையில் இருந்தால் 'ஃபெர்கிஸ்' என்ற சொல்லின் கடைசி எழுத்து வேறாக இருக்கும், 'எஸ்ட்ஸெட்' என்ற அந்த வளைந்த எழுத்து. 1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அங்கே இரட்டை எஸ் எழுதுகிறார்கள். ஒலி மாறவில்லை.

மூன்றாம் படி: 'நிஹ்ட்' எங்கே உட்காரும்?

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. தமிழில் எதிர்மறை வினைக்குள்ளேயே இருக்கிறது. 'மறக்காதே' என்று சொன்னவுடன் கட்டளையும் மறுப்பும் சேர்ந்து காதில் விழுந்துவிடும். ஜெர்மனில் வினை வாக்கியத்தின் தலையில் நிற்கும், மறுப்பு வாலுக்குப் போய்விடும்.

"ஃபெர்கிஸ் டேன் ஷ்ல்யூஸல் நிஹ்ட்!" சாவியை மறந்துடாதே.
"ஃபெர்கிஸ் டைனெ டாஷெ நிஹ்ட்!" உன் பையை மறந்துடாதே.
"ஃபெர்கெஸ்ட் டஸ் லேர்கூட் நிஹ்ட்!" காலி பாட்டில்களை மறந்துடாதீங்க.

மறக்கக் கூடாத பொருள் இரண்டாம் வேற்றுமையில் வரும். ஆண்பால் பெயர் என்றால் 'டேர்' என்பது 'டேன்' ஆக வேண்டும், 'டைன்' (உன்) என்பது 'டைனன்' ஆக வேண்டும். பெண்பாலும் அஃறிணைப் பாலும் மாறாது. சாவி ஜெர்மனில் ஆண்பால், பை பெண்பால். ஏன் என்று கேட்டுப் பயனில்லை.

'நிஹ்ட்' கடைசிக்குப் போகும் என்றாலும், சிலவற்றைத் தாண்டாது. பிரியும் வினைகளின் முன்னொட்டு அவற்றில் ஒன்று. 'அவுஃப்-மஹன்' என்றால் திறப்பது. கட்டளையில் 'அவுஃப்' பிரிந்து வாக்கியக் கடைசிக்குப் போகும், 'நிஹ்ட்' அதற்கு முன்னால் நிற்கும்: "மஹ் டஸ் ஃபென்ஸ்டர் நிஹ்ட் அவுஃப்!" ஜன்னலைத் திறக்காதே. "லஸ் டஸ் லிஹ்ட் நிஹ்ட் அன்!" விளக்கை எரியவிட்டுப் போகாதே. "விர்ஃப் டேன் ட்ஸெட்டல் நிஹ்ட் வெக்!" அந்தத் துண்டுச்சீட்டைத் தூக்கிப் போடாதே.

இதேபோல 'எப்படி' என்று சொல்லும் சொல்லுக்கும், 'எங்கே' என்று சொல்லும் தொடருக்கும் முன்னால் 'நிஹ்ட்' நின்றுவிடும்: "கொம் மோர்கன் நிஹ்ட் ட்ஸு ஷ்பேட்!" நாளைக்குத் தாமதமாக வராதே. இந்த வாக்கியத்தில் 'மோர்கன்' (நாளை) 'நிஹ்ட்'டுக்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள். நேரம் சொல்லும் சொற்கள் பெரும்பாலும் முன்னால் வந்துவிடும்.

"ஃபெர்கிஸ் நிஹ்ட் டேன் ஷ்ல்யூஸல்" என்று யாராவது சொல்லிக் கேட்டால் குழம்ப வேண்டாம். பேச்சில் வரும்தான், சாவி என்ற சொல்லுக்குக் கூடுதல் அழுத்தம் கொடுப்பது போல. படிக்கிறவர்கள் 'நிஹ்ட்' கடைசியில் வரும் வடிவத்தையே பழகுவது நல்லது. ஆனால் அந்தக் கடைசி 'நிஹ்ட்'டை முழுங்கிவிடக் கூடாது. "ஃபெர்கிஸ் எஸ் நிஹ்ட்" என்றால் 'அதை மறந்துடாதே'. "ஃபெர்கிஸ் எஸ்!" என்று நின்றுவிட்டால் 'அட விடு, அது நடக்காது' என்று அர்த்தம். நினைவூட்டப் போய் கைகழுவிவிட்ட கதையாகும்.

இந்த வரிசையை எப்போதும் நினைவில் வைக்க ஒரு பூ இருக்கிறது. 'ஃபெர்கிஸ்மைன்நிஹ்ட்' என்ற சின்ன நீலப் பூ. பெயரைப் பிரித்தால் 'ஃபெர்கிஸ் மைன் நிஹ்ட்', என்னை மறவாதே. இங்கே 'மைன்' என்பது பழைய ஆறாம் வேற்றுமை வடிவம். இன்றைய பேச்சில் "ஃபெர்கிஸ் மிஹ் நிஹ்ட்" என்றுதான் சொல்ல வேண்டும்.

நான்காம் படி: செய்ய வேண்டிய வேலையைச் சேர்ப்பது

பொருளை மட்டும் நினைவூட்டினால் மேலே சொன்னது போதும். ஒரு வேலையை நினைவூட்ட வேண்டுமானால் 'நிஹ்ட்' உடனே வந்துவிடும், பிறகு காற்புள்ளி, பிறகு வேலை. அந்த வேலையின் வினை கடைசியில், 'ட்ஸு' என்ற சிறு சொல்லோடு.

"ஃபெர்கிஸ் நிஹ்ட், டீ ஃபார்கார்ட்டெ ட்ஸு ஷ்டெம்பெல்ன்!" பயணச்சீட்டில் முத்திரை குத்த மறக்காதே.

இது பல ஜெர்மன் நகரங்களில் உண்மையிலேயே தேவைப்படும் வாக்கியம். சீட்டு வாங்கிவிட்டாலே போதும் என்று நாம் நினைப்போம். நடைமேடையிலோ வண்டிக்குள்ளோ இருக்கும் சின்னப் பெட்டியில் நுழைத்து நேரத்தைப் பதிந்தால்தான் அது செல்லும். பதியாமல் பரிசோதகரிடம் மாட்டினால், சீட்டே இல்லாத ஆள் மாதிரி 60 யூரோ கட்டச் சொல்லலாம்.

பிரியும் வினையாக இருந்தால் 'ட்ஸு' அதன் வயிற்றுக்குள் நுழைந்துவிடும், எல்லாம் ஒரே சொல்லாக:

"ஃபெர்கிஸ் நிஹ்ட், டீ ட்யூர் அப்-ட்ஸு-ஷ்லீஸன்!" கதவைப் பூட்ட மறக்காதே.
"ஃபெர்கிஸ் நிஹ்ட், டேன் ம்யூல் ரவுஸ்-ட்ஸு-பிரிங்ஙன்!" குப்பையை வெளியே கொண்டுபோய் வைக்க மறக்காதே.
"ஃபெர்கிஸ் நிஹ்ட், ஓமா அன்-ட்ஸு-ரூஃபன்!" பாட்டிக்கு போன் பண்ண மறக்காதே.

தன்னையே குறிக்கும் வினை என்றால் 'டிஹ்' (உன்னை) காற்புள்ளிக்குப் பிறகு உடனே வரும். ஜெர்மனியில் புதிதாக ஒரு வீட்டுக்குக் குடிபோனால் இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அது சட்டம். அப்போது நண்பர் சொல்வது: "ஃபெர்கிஸ் நிஹ்ட், டிஹ் அன்-ட்ஸு-மெல்டன்!" பல்கலைக்கழக மாணவர்கள் ஒவ்வொரு பருவத்துக்கும் கட்டணம் கட்டித் தங்கள் இடத்தைத் தொடர வேண்டும். அதற்கு "டிஹ் ட்ஸுர்யூக்-ட்ஸு-மெல்டன்". இரண்டாவதில் 'ட்ஸு' இரண்டு முறை கேட்கும், பயப்பட வேண்டாம். முதல் 'ட்ஸு' 'திரும்ப' என்ற முன்னொட்டின் பகுதி.

வேலைக்குப் பதிலாக ஒரு தகவலை நினைவூட்டினால் 'டஸ்' என்ற இணைப்புச் சொல் வரும், வினை கடைசிக்கு ஓடும்: "ஃபெர்கிஸ் நிஹ்ட், டஸ் மோர்கன் ஃபையர்டாக் இஸ்ட்." நாளைக்கு விடுமுறை என்பதை மறந்துடாதே. ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் வந்தால் அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலை இந்த வாக்கியத்துக்கு மதிப்பு அதிகம்.

ஐந்தாம் படி: 'நிஹ்ட்' வராத எதிர்மறைகள்

குறிப்பிட்ட பொருளாக இல்லாமல் பொதுவாக ஒன்றை மறுத்தால் 'நிஹ்ட்' போய் 'கைன்' வரும். "மஹ் கைனன் லேர்ம்!" சத்தம் போடாதே. "ஹாப் கைனெ அங்ஸ்ட்!" பயப்படாதே. "விர்ஃப் ஸொன்டாக்ஸ் கைன் க்லாஸ் ஐன்!" ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி பாட்டிலைத் தொட்டியில் போடாதே. தெருவில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்குள் பாட்டில் விழும் சத்தம் அக்கம்பக்கத்தின் ஓய்வைக் கெடுக்கும் என்பதால், எந்த நேரத்தில் போடலாம் என்று தொட்டியிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள்.

ஆனால் 'மறக்காதே' என்ற வினையோடு 'கைன்' சேர்க்க ஆசைப்படாதீர்கள். பால் வாங்கி வரச் சொல்லும்போது எந்தப் பால் என்று குறிப்பாக இல்லாவிட்டாலும் "ஃபெர்கிஸ் டீ மில்ஹ் நிஹ்ட்!" என்றே வரும். நினைவூட்டுகிறோம் என்றால் அது இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த பால்தானே.

இன்னொரு தமிழ்ப் பழக்கத்தையும் கழற்றி வைக்க வேண்டும். 'எதுவும் சாப்பிடாதே', 'யாரிடமும் சொல்லாதே' என்று நாம் வினையில் மறுப்பை வைக்கிறோம். ஜெர்மனில் அந்த 'எதுவும்', 'யாரும்' என்ற இடத்திலேயே மறுப்பு வந்துவிடும், வினை சும்மா இருக்கும். ரத்தப் பரிசோதனைக்குப் போகிற நண்பரிடம் "இஸ் மோர்கன் ஃப்ரூ நிஹ்ட்ஸ்!" என்றால் போதும், நாளைக் காலை எதுவும் சாப்பிடாதே. "ஸாக்ஸ் நீமன்டெம்!" அதை யாரிடமும் சொல்லாதே. இவற்றோடு ஒரு 'நிஹ்ட்' சேர்த்தால் வாக்கியம் கெட்டுவிடும். நம் காதுக்கு ஏதோ குறைவது போல இருக்கும், இருக்கட்டும்.

ஆறாம் படி: குரலைச் சரிசெய்வது

இலக்கணம் சரியாக இருந்தும் வாக்கியம் அதட்டலாக ஒலிக்கலாம். தமிழில் 'மறக்காதே', 'மறந்துடாதே', 'மறந்துடாதேடா', 'மறந்துடாதே, சரியா?' ஒவ்வொன்றும் வேறு குரல். ஜெர்மனில் இந்த வேலையைச் சின்னச் சின்னச் சொற்கள் செய்கின்றன.

'பிட்டெ' (தயவுசெய்து) எல்லோருக்கும் தெரியும். எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. "ஃபெர்கிஸ் பிட்டெ நிஹ்ட், ஓமா அன்-ட்ஸு-ரூஃபன்" என்று நடுவில் வைத்தால் இயல்பு. நம் ஊரில் நண்பரிடம் 'தயவுசெய்து' என்று சொன்னால் செயற்கையாக இருக்கும், அதே கூச்சத்தில் பலர் 'பிட்டெ'யை விட்டுவிடுகிறார்கள். அங்கே அது உப்பு மாதிரி. வேகேயில் குப்பை விஷயம் பேசும்போது இல்லாவிட்டால்தான் தெரியும்.

எளிய வழி, கடைசியில் ஒரு கேள்விச் சொல். "ஃபெர்கிஸ் டேன் ஷ்ல்யூஸல் நிஹ்ட், யா?" இந்த 'யா?' நம் 'சரியா?'வேதான். வடக்கே 'நெ?' கேட்கலாம், தெற்கே 'கெல்?' கேட்கலாம்.

அதே 'யா' வாக்கியத்துக்கு நடுவில் அழுத்தத்தோடு வந்தால் கதையே வேறு. "கொம் யா நிஹ்ட் ட்ஸு ஷ்பேட்!" தாமதமாக வந்தாயோ பார், என்ற மிரட்டல் தொனி. 'ப்லோஸ்' என்ற சொல்லும் அந்த ரகம்: "ஃபெர்கிஸ் ப்லோஸ் நிஹ்ட் டேன் பாஸ்!" பாஸ்போர்ட்டை மட்டும் மறந்துடாதே. விமானத்துக்குக் கிளம்பும் நாளில் சொல்லலாம், தங்கையிடமும் நண்பனிடமும் சொல்லலாம். புதிதாக அறிமுகமானவரிடம் வேண்டாம். 'ப்லோஸ்', அழுத்தமான 'யா' இரண்டுக்கும் பின்னால் 'நிஹ்ட்' ஒட்டிக்கொண்டு வருவதால், பொருள் கடைசிக்குப் போய்விட்டதையும் கவனித்திருப்பீர்கள்.

'மால்', 'டொஹ்' என்ற இரண்டும் நேர்மறைக் கட்டளையை மென்மையாக்கும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அது சரிதான், ஆனால் எதிர்மறையில் அந்தக் கணக்கு பலிக்காது. "ஃபெர்கிஸ் மால் நிஹ்ட்" என்றால் வாக்குவாதத்தில் 'அதையும் கொஞ்சம் யோசித்துப் பார்' என்று மடக்குவது போல இருக்கும். எதிர்மறையோடு 'டொஹ்' வந்தால் பெரும்பாலும் குறை சொல்லும் தொனி: "ஸை டொஹ் நிஹ்ட் ஸோ!" இப்படி இருக்காதேயேன்.

'வீடர்' (மறுபடி) சேர்க்கும் முன் இரண்டு முறை யோசியுங்கள். "ஃபெர்கிஸ் நிஹ்ட் வீடர் டேன் ஷ்ல்யூஸல்!" என்றால் போன தடவை மறந்ததைக் குத்திக் காட்டுகிறீர்கள். இதன் இன்னொரு வடிவம் பேச்சில் நிறைய வரும்: "நிஹ்ட், டஸ் டூ வீடர் டேன் ஷ்ல்யூஸல் ஃபெர்கிஸ்ட்!" நம் அம்மாக்கள் சொல்லும் 'மறுபடி சாவியை மறந்துட்டு நிக்கப் போறே' என்பதற்கு இவ்வளவு பக்கத்தில் வரும் ஜெர்மன் வாக்கியம் வேறு இல்லை. இதில் கட்டளை வடிவமே இல்லை, ஆனாலும் வேலை நடக்கும்.

சாவிக்கு இத்தனை உதாரணமா என்று தோன்றலாம். ஜெர்மன் அடுக்குமாடி வீடுகளில் வாசல் கதவுக்கு வெளிப்பக்கம் பெரும்பாலும் திருகும் கைப்பிடி இருக்காது, அசையாத குமிழ்தான் இருக்கும். கதவு சாத்திக்கொண்டால் சாவி இல்லாமல் திறக்காது. குப்பை கொட்ட இறங்கி, காற்றில் கதவு மூடி, ஞாயிற்றுக்கிழமை இரவு பூட்டுத் திறக்கும் ஆளைக் கூப்பிட்டால் கட்டணம் பையைக் காலி செய்துவிடும்.

எதிர்மறையே வேண்டாம் என்று தோன்றும் நேரமும் உண்டு. 'மறக்காதே' என்பதில் 'நீ மறந்துவிடுவாய்' என்ற சந்தேகம் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது. சிலருக்கு அது பிடிக்காது. அவர்களிடம் "டெங்க் ட்ரான்!" (ஞாபகம் வெச்சுக்கோ) அல்லது "டெங்க்ஸ்ட் டூ பிட்டெ அன் டீ மில்ஹ்?" (பால் ஞாபகம் இருக்கட்டும், சரியா?) என்று கேள்வியாகவே சொல்லலாம். என் கணக்கில், ஒரே ஆளுக்கு ஒரே விஷயத்தை இரண்டாவது முறை நினைவூட்டும்போது இந்தக் கேள்வி வடிவம்தான் சரி.

ஏழாம் படி: எழுதி ஒட்டுவது

குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் சீட்டில் கட்டளை வடிவம் அவ்வளவாக வராது. ஆளைக் குறிக்காத மூல வினை போதும்: "ம்யூல் நிஹ்ட் ஃபெர்கெஸன்!" குப்பையை மறக்க வேண்டாம். யார் படித்தாலும் பொருந்தும், 'டூ'வா 'ஈர்'ரா என்ற கவலை இல்லை. பொது இடத்துப் பலகைகளும் இந்த வடிவம்தான்: "ராஸன் நிஹ்ட் பெட்ரேட்டன்" (புல்தரையில் மிதிக்காதீர்கள்), விடுதி அறைக் கதவில் "பிட்டெ நிஹ்ட் ஷ்ட்யோரன்" (தொந்தரவு செய்ய வேண்டாம்). இங்கே 'நிஹ்ட்' வினைக்கு முன்னால், வினை கடைசியில். தமிழ் வரிசை மாதிரியே இருப்பதால் நமக்குச் சுலபம். அந்தச் சுலபத்தில் மயங்கி நேரில் பேசும்போதும் இதையே சொன்னால், பலகை வாசிப்பது போல இருக்கும். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சாலை கடக்கும் அவசரம் என்றால் வேறு.

மார்ச் மாதக் கடைசி ஞாயிறும் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறும் நெருங்கும்போது ஒரு சீட்டு எழுதிப் பழகலாம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றும் நாட்கள் அவை. சீட்டில் "ஊர் உம்-ஷ்டெல்லன் நிஹ்ட் ஃபெர்கெஸன்!" என்று வரும். நேரில் சொன்னால் "ஃபெர்கிஸ் நிஹ்ட், டீ ஊர் உம்-ட்ஸு-ஷ்டெல்லன்!", இருவரிடம் என்றால் "ஃபெர்கெஸ்ட் நிஹ்ட்...". கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும். சமையலறை அடுப்பில் இருக்கும் கடிகாரத்தை யாராவது மாற்றித்தான் ஆக வேண்டும்.

உங்களுக்கு யாராவது நினைவூட்டினால்

பதில் சொல்லத் தெரியாமல் தலையை மட்டும் ஆட்டக் கூடாது, அதுவும் நம் பக்கவாட்டுத் தலையாட்டல் அங்கே 'இல்லை' என்று புரிந்துகொள்ளப்படலாம். "மஹ் இஹ்" (செய்துடறேன்) என்பதுதான் அதிகம் புழங்கும் பதில். "கைனெ ஸோர்கெ, இஹ் டெங்க் ட்ரான்", கவலைப்படாதே, ஞாபகம் வெச்சிருக்கேன். உண்மையாகவே மறந்திருந்து அவர் சொல்லி நினைவு வந்தால் "டாங்கெ ஃப்யூர்ஸ் எரின்னர்ன்", ஞாபகப்படுத்தினதுக்கு நன்றி. நீங்களாகவே கேட்டுக்கொள்வதென்றால் "எரின்னெரெ மிஹ் பிட்டெ ட்ரான்", எனக்கு ஞாபகப்படுத்து.

'யா' என்று ஒரு முறை சொல்லலாம். "யா, யா" என்று இரண்டு முறை இழுத்தால் 'சரி சரி, போ' என்று அலட்சியமாகக் கேட்கும். அடுத்த நினைவூட்டல் 'ப்லோஸ்' சேர்த்து வரும்.